லில்லிக்குப் பொன் வேண்டாம்

தாளாளர் பச்சை மையில் எழுதியிருந்தது ஒரே ஒரு வரி. அதைக் கிளமெண்ட் காலை ஒன்பதரை மணியிலிருந்து படித்துக்கொண்டிருந்தார். பத்தே கால் ஆகியும் படித்து முடித்தபாடில்லை.

'லெட் அஸ் நாட் கில்ட் தி லில்லி.'

அவ்வளவுதான். கீழே ஏனோக் என்று கையெழுத்து. மேலே, கிளமெண்ட் மூன்று நாள் உட்கார்ந்து தயாரித்த நிகழ்ச்சி நிரல். தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் இருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் முப்பத்து நான்கு வருடம் இங்கிலீஷ் பாடம் நடத்திய லில்லி மிஸ்ஸுக்கு வருகிற சனிக்கிழமை பிரிவு உபசார விழா. பேண்டு வாத்தியம், வரவேற்பு வளைவு, மேடைக்குப் பின்னால் தெர்மாகோலில் ஆளுயர லில்லிப் பூ. அதற்கப்புறம் பழைய மாணவர், பெற்றோர், ஆட்டோ ஸ்டாண்டு என்று பத்தொன்பது சங்கங்கள் வரிசையாக வந்து பொன்னாடை போர்த்துதல்.

தாளாளர் பெங்களூரில் குடியிருந்தார். பள்ளிக்கூடத்து ஃபைல் மட்டும் வாரம் ஒரு தடவை அட்டெண்டர் துரையின் கக்கத்தில் ரயிலேறிப் போய்விட்டு வரும். அவர் எதை எழுதினாலும் இங்கிலீஷில், எல்லாவற்றையும் கேப்பிடல் எழுத்திலேயே எழுதுவார். வெறும் 'சரி' என்பதுகூட அவர் கையில் அதட்டலாகத்தான் வந்து விழும்.

அதனால் என்ன, போன் போட்டு அர்த்தம் கேட்டுவிடலாமே என்று தோன்றும். கேட்க முடியாது. போன வருடம் அவர் 'டேபிள் தி மேட்டர்' என்று எழுதியிருந்தார். விஷயத்தைக் கூட்டத்தில் வை என்று அர்த்தமாம். கிளமெண்ட் நல்ல மேஜையாகப் பார்த்து வாங்கி, டெம்போவில் ஏற்றி, பெங்களூருக்கே அனுப்பிவைத்தார்.

"இன்னொரு தடவை என் இங்கிலீஷ்ல தப்பு பண்ணா புரியற கிளார்க்கா பார்த்துக்கறேன்" என்று தாளாளர் அப்போது சொன்னார். மேஜையைத் திருப்பி அனுப்பவில்லை.

கிளமெண்ட் ஒன்பது வருடமாகத் தற்காலிக கிளார்க். நிரந்தர உத்தரவு டைப் செய்து, தேதிக்கு மட்டும் இடம் விட்டு, அதே ஃபைலின் கடைசிப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமை விழா ஒழுங்காக முடிந்தால் அங்கேயே கையெழுத்து என்று தாளாளர் வாக்குக் கொடுத்திருந்தார். நாற்பத்திரண்டு வயதில், இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கிளமெண்ட் அந்தப் பச்சைக் கையெழுத்துக்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆகவே அவர் தவறுக்கு இடம் கொடுக்காமல் காரியத்தில் இறங்கினார். அந்த வரியைப் போனில் அடித்துத் தமிழில் கேட்டார். 'லில்லிக்குத் தங்கம் பூச வேண்டாம்' என்றது போன். சந்தேகத்துக்குப் பீரோவிலிருந்த பழைய அகராதியையும் எடுத்துப் பார்த்தார். கில்ட் என்றால் 'பொன் பூசு, பொன் போர்த்து' என்று போட்டிருந்தது.

பொன் போர்த்து.

கிளமெண்டுக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் எழுந்து வெளியே வந்தார்.

"துரை, லில்லி மிஸ்ஸுக்குப் பொன்னாடை கெடையாதாம்" என்றார்.

துரை வராந்தாவில் தெர்மாகோல் பூவைச் சாய்த்து வைத்துக்கொண்டு, பிரஷ்ஷும் கையுமாக நின்றிருந்தார். நந்திதுர்க் சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் ஓட்டியவரின் மகன். இங்கிலீஷ் படிக்க வராது. மற்ற எல்லா வேலையும் வரும்.

"இன்னா சார் அநியாயம்? கவுன்சிலருக்கு உண்டு, பேண்டு மாஸ்டருக்கு உண்டு, ரிட்டையர் ஆவற அந்தம்மாவுக்கு இல்லியா?"

"கரஸ்பாண்டெண்ட் ஆர்டர். பச்சை மையில இருக்குது."

பச்சை மை என்றதும் துரை அடங்கினார். பிறகு, "எனக்கு எதுனா பதில் எழுதிக்கிறாரா சார்?" என்று கேட்டார்.

"உனக்கு எதுக்குய்யா அவரு பதில் எழுதணும்? லில்லி மிஸ் பேரு மட்டும்தான் இருக்குது. நீ உன் வேலைய பாரு."

துரை கோல்டு பெயிண்ட் டப்பாவின் மூடியைத் திறந்தார். யோசித்தார். மறுபடியும் மூடினார்.

மேடையில் எல்லோருக்கும் போர்த்தி மிஸ்ஸை மட்டும் விட்டால் விழா அடிதடியில் முடியும். யாருக்குமே இல்லை என்று அறிவித்துவிட்டால் வம்பில்லை என்று கிளமெண்ட் முடிவு செய்தார். முதலில் ஆட்டோ ஸ்டாண்டு சங்கத் தலைவர் சரத்துக்குப் போன் போட்டார்.

"சரத், பொன்னாடை வேணாம்பா. யாருக்குமே வேணாம்."

"ஏன்ணா?"

"மேலேர்ந்து ஆர்டர்."

"லில்லி மிஸ் மேல எதுனா கம்ப்ளெயிண்ட்டாண்ணா?"

"சே, அதெல்லாம் சொல்லக் கூடாதுப்பா" என்றார் கிளமெண்ட்.

அப்படியெல்லாம் பேசுவது தப்பு என்ற பொருளில்தான் சொன்னார். விஷயம் இருக்கிறது, வெளியே சொல்ல முடியாது என்று சரத் எடுத்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் ராபர்ட்சன்பேட்டையில் லில்லி மிஸ் கேள்வித்தாளை வெளியே விட்டுவிட்டார். மூன்று மணிக்கு சஸ்பெண்ட் ஆனார். சாயங்காலம் ஆண்டர்சன்பேட்டையில் அவருக்கு ஜாமீனே கிடைத்துவிட்டது.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் பதினான்கு ஆட்டோக்கள் நின்றன.

"மிஸ் மேல எவன் பழி போட்டாலும் எங்களுக்குக் கவலையில்ல" என்றார் சரத். "எங்க ஸ்டாண்டுல ஒவ்வொரு ஆட்டோவும் தனித்தனியா பொன்னாடை போடும். இன்னா பண்ணுவாருன்னு பாக்கலாம் உங்க கரஸ்பாண்டெண்ட்டு."

பால் டிப்போ சேர்ந்துகொண்டது. லைன் வீட்டுக் குடியிருப்போர் சங்கம், பெங்களூர் ரயில் பயணிகள் சங்கம், ஜெபக்குழு எல்லாம் சேர்ந்தன. வேண்டாம் என்று சொன்ன ஒரே நாளில் பொன்னாடை நாற்பத்தொன்றாகியிருந்தது.

கிளமெண்ட் வாசலிலேயே நின்று, யோசிக்காமல் அடுத்த காரியத்தைச் செய்தார்.

"சரத், உண்மைய சொல்லிடறேன். பழியெல்லாம் ஒண்ணுமில்ல. மிஸ்ஸுக்குத் தங்க ஜரிகை ஒத்துக்காது. மேல பட்டா தடிச்சிக்கும்."

ஜாமீனைவிட இது எல்லோருக்கும் துக்கமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை ஆயா கிருஷ்ணம்மா ஒரு கிண்ணம் நிறைய வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக்கொண்டு வந்து, ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடக்கும்போதே லில்லி மிஸ்ஸின் புறங்கையில் பூச ஆரம்பித்தார். அரை மணி நேரத்தில் மிஸ் ஆபீஸுக்கு வந்து நின்றார். வலது கை மணிக்கட்டு வரை மஞ்சளாக இருந்தது.

லில்லி மிஸ்ஸைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கடைப் பலகையில் இங்கிலீஷ் தப்பாக இருந்தால் உள்ளே போய்க் கடைக்காரரைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்கிறவர். மரண அறிவிப்புப் போஸ்டரைக்கூட சிவப்புப் பேனாவால் திருத்திவிட்டுத்தான் துக்கம் விசாரிக்கப் போவார். நிமிர்ந்து பேசுவார், சுருக்கமாகப் பேசுவார்.

"கிளமெண்ட், எனக்கு என்ன வியாதின்னு தெரிஞ்சுக்கலாமா?"

"மிஸ்..."

"காலைலேர்ந்து மூணு பேர் அழுதுட்டுப் போயிட்டாங்க. எட்டாம் கிளாஸ் பசங்க எனக்காக ஜெபம் பண்றாங்க. கேட்டா, கிளமெண்ட் சாருக்குத்தான் தெரியும்ங்கறாங்க."

"வதந்தி மிஸ். நம்பாதீங்க."

"கை எரியுது. வதந்தியா எரியுது?"

கிளமெண்டுக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. இந்த ஊரிலேயே அந்தப் பச்சை வரிக்கு அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் எதிரில் நிற்கிறார். முழு வரியையும் கேட்டால் அவருக்கே பொன்னாடை கிடையாது என்பதை அவரிடமே படித்துக் காட்டியதாகிவிடும். ஒரு வார்த்தையை மட்டும் உருவிக் கேட்டால் தப்பில்லை.

"மிஸ், கில்ட்டுன்னா இன்னா மிஸ்?"

"யு போட்டு எழுதினா குற்ற உணர்ச்சி. யு இல்லாம டி-யில முடிஞ்சா தங்கம் பூசறது. உனக்கு எது வேணும்?"

தன்னிடம் ஒன்று நிறைய இருக்கிறது, இன்னொன்றுக்குத் தடை இருக்கிறது என்று கிளமெண்ட் சொல்லவில்லை. "தங்கம்தான் மிஸ்" என்றார்.

"தங்கம்னா தங்கம் மட்டும்தான். வெள்ளி பூசறதுக்கு அந்த வார்த்தை வராது. ஏன் கேக்கற?"

கிளமெண்ட் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். வெள்ளி! உத்தரவு தங்கத்துக்குத்தான். வெள்ளிக்கு யாரும் தடை போடவில்லை. இத்தனை எளிதான வழியை வைத்துக்கொண்டு இரண்டு நாளாக ஊரைக் கலக்கிவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

அன்று சாயங்காலமே ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனார்.

"தங்க ஜரிகைதான் ஒத்துக்காது. வெள்ளி ஜரிகை ஒத்துக்கும்."

"யாரு சொன்னது?"

"பெங்களூர் டாக்டர்."

பெங்களூர் டாக்டர் என்றால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. செய்தி நல்ல செய்தியாகையால் வேகமாகப் பரவியது. ஒத்துக்காது என்று ஒதுங்கியிருந்தவர்கள் எல்லாம் திரும்பி வந்தார்கள். வரும்போது பக்கத்து வீட்டையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் கணக்கு அறுபத்து மூன்றில் நின்றது.

கிளமெண்ட் பங்காருபேட்டைக்குப் போனார். ரயில்வே கேட்டைத் தாண்டி மஞ்சுநாத்தின் ஜவுளிக் கடை.

"வெள்ளி பார்டர் போட்ட சால்வை இருக்குதா? தங்கம் ஒரு இழைகூட இருக்கக் கூடாது."

மஞ்சுநாத் உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்து விரித்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஓரத்தில் வெள்ளி ஜரிகை.

"இதேதான். அறுபத்து மூணு குடுங்க."

மஞ்சுநாத்தின் கை சால்வை மேலேயே நின்றது. வாயில் கன்னடத்தில் கடவுள் வந்தார். "தேவரே! பஸ் ஆக்ஸிடெண்ட்டா சார்?"

"இன்னாங்க பேசறீங்க? விழாவுக்குங்க."

"விழாவுக்கு யாரும் இத வாங்க மாட்டாங்க சார். இது பொணத்து மேல போத்தறது."

கிளமெண்ட் சால்வையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"தங்கம் இல்லதானே?"

"எப்படி சார் இருக்கும்?"

"அப்ப கட்டுங்க."

ஃபைலைக் கையில் வைத்திருக்கிறவனுக்குப் பிணம், விழா என்ற வித்தியாசம் எல்லாம் தெரியாது. பச்சை மைதான் தெரியும்.

சனிக்கிழமை பத்து மணிக்குத் தாளாளர் ஏனோக் வந்து மேடையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பின்னால் திரும்பித் தெர்மாகோல் பூவை ரொம்ப நேரம் பார்த்தார். ஆறு இதழில் மூன்று தங்க நிறத்தில் பளபளத்தன. மூன்று வெறும் வெள்ளையாக இருந்தன.

"இன்னா துரை இது, பாதில நிக்குது?" என்று கிளமெண்ட் மேடை ஓரத்தில் கிசுகிசுத்தார்.

"நான் இன்னா சார் பண்றது? எப்படின்னாலும் பாதி சரியா இருக்கட்டும்னு உட்டுட்டேன்."

சண்டை போட நேரமில்லை. சரத் முதல் சால்வையைப் போர்த்திவிட்டார். கைதட்டல். ஆட்டோ ஸ்டாண்டு முடிந்து பால் டிப்போ வந்தது. இருபதாவது சால்வையில் லில்லி மிஸ்ஸின் கழுத்து மறைந்தது. முப்பத்தைந்தில் வாய் மறைந்தது. அதுவரை ஒவ்வொருவருக்கும் 'தேங்க் யூ' சொல்லிக்கொண்டிருந்தவர் அதற்கப்புறம் சொன்னாரா இல்லையா என்று தெரியவில்லை. ஐம்பதைத் தாண்டியபோது மேடை நடுவில் ஒரு வெள்ளைக் குவியலும் அதன் உச்சியில் ஒரு மூக்குக் கண்ணாடியும் இருந்தன.

"துரை, நிறுத்திடலாமாய்யா?"

"கேஜ் கெளம்பிட்ச்சி சார். இனிமே லெவல் வந்தாத்தான் எறங்க முடியும்."

பார்வதம்மா அப்போதுதான் வந்தார். மிஸ்ஸின் பக்கத்து வீடு. பேத்தியைக் குளிப்பாட்டிவிட்டு வர நேரமாகிவிட்டது. ஹால் வாசலில் நின்று மேடையைப் பார்த்தார். வெள்ளைத் துணியும் வரிசையில் நிற்கும் ஜனமும் கண்ணில் பட்டதும், "அய்யோ என் லில்லி, நேத்துகூட வெங்காயம் வாங்கினியேம்மா!" என்று மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பேண்டு மாஸ்டர் அனுபவசாலி. ஊரில் கல்யாணத்துக்கும் அவர்தான், அடக்கத்துக்கும் அவர்தான். அழுகைச் சத்தம் காதில் விழுந்ததும் யாரும் சொல்லாமலே பாட்டை மாற்றினார். மெதுவான பாட்டு. கடைசி வரிசையில் இருந்த பென்ஷன்காரர்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்து நின்றார்கள். மீதிப் பன்னிரண்டு சால்வைகளும் அந்தப் பாட்டோடுதான் போர்த்தப்பட்டன.

பதினோரு மணிக்கு ஆபீஸ் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். தாளாளர் நாற்காலியில் இருந்தார். லில்லி மிஸ் இன்னும் ஏழு சால்வைகளைக் கழற்ற முடியாமல் பெஞ்சில் இருந்தார். கிளமெண்ட் நின்றுகொண்டிருந்தார்.

"ஃபைலைப் படிச்சியா நீ?" என்றார் தாளாளர்.

"படிச்சேன் சார். அதும்படிதான் சார் பண்ணேன். ஒரு இழை தங்கம் இல்ல சார்."

"தங்கமா? முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவங்களை உயிரோட அடக்கம் பண்ணிட்டியே! அந்தக் கடைசிப் பக்கத்தைக் கிழிச்சு என் கையில குடு."

கடைசிப் பக்கம். ஒன்பது வருடம். கிளமெண்ட் ஃபைலைத் திறக்காமல் இறுகப் பிடித்துக்கொண்டார். தலைமகள் காலையில், "அப்பா, வரும்போது பர்மனெண்ட் ஆயிட்டுதான் வரணும்" என்று கைகாட்டியது ஞாபகம் வந்தது.

"ஒரு நிமிஷம்" என்றார் லில்லி மிஸ். "என்ன எழுதியிருந்தார்? காட்டு."

கிளமெண்ட் ஃபைலை நீட்டினார். மிஸ் படித்தார். ஒரு தடவைதான் படித்தார். சால்வைகள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறார் என்று கிளமெண்ட் பயந்தார், மிஸ் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து இதுவரை யாரும் பார்த்ததில்லை.

"மக்கு! இது தங்கத்தைப் பத்தியே இல்ல. இது ஒரு மரபுத்தொடர். லில்லிப் பூ தன்னாலயே அழகா இருக்கு. அது மேல போய்த் தங்கத்தைப் பூசாதே. நல்லா இருக்கறதுக்கு மேல இன்னும் இன்னும்னு அடுக்கிக் கெடுக்காதேன்னு அர்த்தம்."

கிளமெண்ட் மிஸ்ஸின் மேல் அடுக்கியிருந்த ஏழு சால்வைகளைப் பார்த்தார். வெளியே ஹாலில் மடித்து வைத்திருந்த ஐம்பத்தாறை நினைத்தார்.

மிஸ்ஸின் சிரிப்பு நின்றிருந்தது. கண்ணாடியைக் கழற்றி, சால்வை நுனியில் துடைத்தார்.

"சார்" என்று தாளாளர் பக்கம் திரும்பினார். "என் நோட்ஸ் ஆஃப் லெசன்ல முப்பத்து நாலு வருஷமா நீங்க 'நோட்டட்'னு மட்டும்தான் எழுதியிருக்கீங்க. எனக்கு வருத்தமாத்தான் சார் இருந்தது. போற நாள்ல, என் பேரையே வெச்சு, இதுக்கு மேல அலங்காரம் தேவையில்லாத பூன்னு எழுதிட்டீங்க. எனக்கு வேற பொன்னாடை எதுவும் வேணாம் சார். இந்தப் பக்கத்தை மட்டும் நான் எடுத்துக்கறேன்."

தாளாளர் வாயைத் திறந்தார். "ஆக்சுவலி, மிஸ்..." என்று ஆரம்பித்தார். மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"இந்த வரி வெளியில வந்ததே இவனாலதான் சார்" என்றார் மிஸ். "இவன் புரிஞ்சுக்கிட்டிருந்தா பேசாம ஃபைலை மூடியிருப்பான். எனக்குத் தெரிஞ்சே இருக்காது. கையெழுத்துப் போடுங்க."

தாளாளர் பச்சைப் பேனாவை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் தேதி போட்டார், கையெழுத்தும் போட்டார். இவ்வளவு சீக்கிரமாக அவர் எதிலும் கையெழுத்திட்டதில்லை.

"இனிமே இதைப் பத்தி யாரும் பேச வேணாம்" என்றார்.

கிளமெண்டுக்கு மேஜை மேல் தலையை வைத்து ஒரு பாட்டம் அழலாம் போல இருந்தது. ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "தேங்க்ஸ் சார், தேங்க்ஸ் மிஸ்" என்று இரண்டு பேரையும் மாற்றி மாற்றிக் கும்பிட்டார். மிஸ் முதல் பக்கத்தைக் கசங்காமல் மடித்துக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

கதவு இடித்துக்கொண்டு திறந்தது. முதலில் தெர்மாகோல் பூ உள்ளே வந்தது. அதற்குப் பின்னால் துரை வந்தார். பூவைச் சுவரில் சாய்த்துவிட்டு, தாளாளரைப் பார்த்துக் கும்பிட்டார். முகத்தில் ஒரு வாரத்து மனக்குறை.

"இருந்தாலும் நீங்க இப்படிப் பண்ணிருக்கக் கூடாது சார். இந்த லில்லிப் பூவுக்கு கோல்டு பெயிண்ட் அடிக்கட்டா வேணாமான்னு திங்கக்கெழம உங்க வூட்டாண்ட வந்து கேட்டேன், ஃபைல்ல எழுதி அனுப்பறேன்னு சொன்னீங்க, கடைசி வரைக்கும் எழுதவே இல்லியே சார்!"